நீ போட்ட அந்தப் படம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே குளிர் எப்படி என்று விசாரிக்கிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, கடைக்குப் போகச் சொன்னால் வலிக்கிறது, நண்பர் வீட்டுக்கு அரட்டைக்குப் போக மட்டும் வலிப்பதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்துகிறான். நான் இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம், பிள்ளை மனசு கஷ்டப்படும் என்றார் அப்பா. கஷ்டப்படட்டும் என்றுதான் சொல்கிறேன். நான் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த இல்லத்துக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ அந்த வீட்டை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய். மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும், வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. புருஷன் அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் இருக்கிற இடம், பலகை மாட்டினால் தேடி வருகிறவனுக்கு வேலை மிச்சம். செருப்பை வெளியே விடக் கூடாது, எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று தெருவில் போகிறவனுக்குத் தெரிந்துவிடும். துணியை மொட்டைமாடியில் காயப்போடக் கூடாது. என்னைப் போல உதவிக்குப் போகிறவர்கள் ஆட்டோவை முந்தின தெருவிலேயே நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். இத்தனை நாளில் எந்தத் தெரு என்று உன் அப்பாவிடம்கூட நான் வாய் திறந்ததில்லை, அவரும் நான் ஏதோ உளவுத்துறையில் சேர்ந்துவிட்டதாகக் கிண்டல் செய்வார். உன்னைத்தான் அழைத்துக்கொண்டு போனேன். லீவில் வந்திருந்தாய், இல்லத்துக் குழந்தைகளுக்கு வாங்கிய பள்ளிக்கூடப் பைகள் இருந்த பெட்டிகள் கனமாக இருக்கின்றன, கார் இருக்கிறது, நானே இறக்கிவைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். என் பிள்ளை, பொறுப்பானவன் என்று பொறுப்பாளர் அம்மாவிடம் நான்தான் சொல்லி அனுமதி வாங்கினேன். உள்ளே போட்டோ மட்டும் எடுத்துவிடாதே என்று கேட் பக்கத்திலேயே நிறுத்திச் சொன்னேன். எனக்குத் தெரியாதாம்மா என்று சொல்லிப் போனைப் பாக்கெட்டில் போட்டாய்.

அன்றைக்கு முற்றத்தில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேனே, அந்தக் குழந்தைக்குச் சுண்டெலி என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். புது ஆள் சத்தம் கேட்டால் தையல் மெஷின் மேசைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். அதன் தலையை யாரும் தொட முடியாது. அதன் அப்பன் அதன் அம்மாவை முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்ததைப் பார்த்த குழந்தை, சீப்பைக் கண்டாலே வீடே அதிர அலறும். மாதக்கணக்காக முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. நான் அவசரப்படவில்லை, போகும்போதெல்லாம் சீப்பை அதன் கையில் கொடுத்து என் தலையைச் சீவச் சொன்னேன், இருக்கிற நரைமுடியில் பாதியைப் பிய்த்து எடுத்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தானாகவே வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. நான் மெதுவாகச் சிக்கெடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். நீ பெட்டியை இறக்குவதற்காகக் கேட்டைத் திறந்து போட்டிருந்தாய், எப்போது படம் எடுத்தாய் என்றே தெரியவில்லை. ஊருக்குப் போன பிறகு எனக்கு அனுப்பினாய். படம் அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அழித்துவிடு என்றேன், நீ ம் என்றாய்.

அந்த ம்-முக்கு என்ன அர்த்தம் என்று என் பிறந்தநாள் அன்றைக்குத் தெரிந்தது. உன் சித்தி காலையிலேயே போன் செய்து, அக்கா நீ பெரிய ஆளாயிட்டே, உன் பிள்ளை என்னமா எழுதியிருக்கான், ஊரே பாராட்டுது என்று பூரித்துப்போனாள். அந்தப் படத்தை இணையத்தில் போட்டு, என் அம்மா என் தெய்வம், ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தன்னையே கொடுத்தவள் என்று எழுதியிருந்தாயாம். நான் எங்கேயடா என்னைக் கொடுத்தேன், வாரத்தில் சில காலைப்பொழுதுகளைக் கொடுத்தேன், பேன் பார்த்தேன், காணாமல் போன சாக்ஸைத் தேடினேன். அந்தக் குழந்தை ஆதரவற்றதும் இல்லை, அதற்கு அம்மா இருக்கிறாள். உடனே உன்னைக் கூப்பிட்டேன், அங்கே உனக்கு ராத்திரி, நீ எழுந்து பார்த்து அதை அழிப்பதற்குள் இங்கே ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. அதற்குள் யார் யாரோ எடுத்து எங்கெங்கோ போட்டுவிட்டார்கள். படத்தில் எனக்குப் பின்னால் திறந்த கேட் வழியாக எதிர்ப்புறத்துப் பெயிண்ட் கடைப் பலகை தெரிந்தது, போன் நம்பரோடு.

பொறுப்பாளர் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, வேறு இடம் கிடைக்குமா என்று போன் மேல் போன் போட ஆரம்பித்தார். இடம் கிடைப்பதற்குள் சுண்டெலியின் அப்பன் வந்துவிட்டான். படம் அவன் கண்ணிலும் பட்டு, அதில் தெரிந்த நம்பரை வைத்துக் கடைக்குப் போன் செய்து, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும், வழி சொல்லுங்க என்று கேட்டிருக்கிறான், கடைக்காரரும் வியாபாரம் வருகிறதே என்று திருப்பத்துக்குத் திருப்பம் விளக்கியிருக்கிறார். குடித்துவிட்டுக் கத்திக்கொண்டு வருவான் என்று நினைக்காதே. தேய்த்த சட்டை, கையில் பெரிய பொம்மை, துணைக்கு இரண்டு ஆள். என் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, கூட்டிட்டுப் போறேன் என்று தேனொழுகப் பேசினான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அந்தக் குரலைக் கேட்டதும் ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுண்டெலி மேசைக்கு அடியில் போய் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் அவன் தன் போனை எடுத்து, பாருங்க சார் இதுதான் என் பொண்ணு, எவளோ ஒருத்தி மடியில வெச்சிருக்கா என்று நீ எடுத்த படத்தைக் காட்டினான். அவரும், இவ்வளவு தன்மையா பேசுறாரேம்மா, குடும்பத்தைப் பிரிச்சு வெச்சு என்ன கண்டீங்க என்று எங்களுக்கே புத்தி சொன்னார். பெரிய அதிகாரி வரை பேசித்தான் அவனை அங்கிருந்து கிளப்ப முடிந்தது.

அன்றைக்கே தாயையும் மகளையும் வேனில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டியது, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள், அது அப்போதுதான் பக்கத்து இருக்கைப் பெண்ணோடு பேச ஆரம்பித்திருந்தது. எல்லாம் போயிற்று. வேனில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, உங்களை நம்பித்தானேம்மா குழந்தையைக் குடுத்தேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. இடம் வெளியே தெரிந்துவிட்டதால் மற்ற பெண்களும் மூட்டை கட்டுகிறார்கள், வீட்டுக்காரரும் எனக்கெதற்கு வம்பு, காலி பண்ணுங்க என்கிறார்.

நல்லதுக்குத்தானேம்மா போட்டேன், நாலு பேர் பார்த்தா உதவி வரும்னு நினைச்சேன் என்று நீ சொன்னாய். யார் உன்னிடம் உதவி கேட்டது? உனக்கு வேண்டியது பாராட்டு. அதற்கு என் தலையும் அந்தக் குழந்தையின் முகமும் கிடைத்தன. அழிச்சுட்டேனே, இன்னும் என்னம்மா என்று வேறு அலுத்துக்கொண்டாய். இல்லத்துக்கு ஒரு தையல் மெஷின் வாங்கித் தருகிறேன், உன் பெயர் எழுதி வைக்கச் சொல் என்றாய் பார், அப்போதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பெயரே இல்லாமல் ஒளிந்து வாழ்கிற வீட்டில் என் பெயரை எழுதி வைக்க வேண்டுமாம். உன்னை இப்படி வளர்த்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது, யாரிடம் கேட்பது?

பேத்தியை வேளைக்குச் சாப்பிட வை, போனைக் கையில் கொடுத்து ஊட்டாதே. மருமகளுக்கு என் ஆசிகள். நீயும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு, பெற்ற வாய் வேறு எப்படி வாழ்த்தும். ஒன்றை மட்டும் மறக்காதே, உன்னிடமிருந்து அந்தப் படத்தை எடுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவரையும் நீயே கூப்பிட்டு அழிக்கச் சொல், வெட்கமாக இருந்தாலும் சொல். சித்தியிடம் நான் பேசிவிட்டேன், அவள் என்னோடு பேசுவதில்லை.

போனை வைக்கும்போது, அந்தப் பாப்பா இப்ப எங்கேம்மா இருக்கு என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நானும் பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சுடும்மா, வேண்டாம் என்றார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்