காஞ்சிபுரம் என்று சொன்னேன்

கார்த்திகை 8, ஞாயிறு

சிரஞ்சீவி நாராயணனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் பெருமாள் கிருபையில் சௌக்கியம், உன் சௌக்கியத்தை நீயாக எழுதினால்தான் தெரியும், ஆடியில் நான் எழுதிய கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, தீபாவளிக்கும் நீ வரவில்லை. மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டது, வாலாஜாபாத் சித்தப்பா நடவு முடித்துவிட்டார், நம் கொல்லைக் கதவு ஈரத்தில் ஊறி மூடவே மாட்டேன் என்கிறது, அப்பா தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறார். அவருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் கோயில் கைங்கரிய முறையை ஒரு நாள் விடுவதில்லை. டில்லியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரியில் தயிர் வேண்டாம். நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை, எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை, அதனால் கதவு, முழங்கால் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வைகாசியில் நம் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து அந்தக் கொலை நடந்த பிறகு நீ ஒரு கடிதம் எழுதினாய், டில்லியில் வீட்டுக்காரரிடம் சொந்த ஊர் காஞ்சிபுரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இனிமேல் கவருக்குப் பின்னால் நம் ஊர் பெயரைப் போடாதே என்று. ஆடியில் நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு மறந்திருக்காது, எனக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. பிறந்த ஊரைச் சொல்லக் கூசுகிறவன் நாளைக்குப் பெற்றவளையும் யாரோ என்பான் என்று எழுதினேன், உடையவர் அவதரித்த ஊரில் பிறந்துவிட்டு இப்படி ஒரு கோழையா என்று எழுதினேன். இவ்வளவு காரம் வேண்டாம் என்று அப்பா சொன்னார், நான் கேட்கவில்லை, நானே போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, நாராயணா.

போன மாதம் உன் பெரியம்மா பெண் ஜயஸ்ரீ, புதுக்குடித்தனத்தைப் பார்க்க வா சித்தி என்று பம்பாயிலிருந்து டிக்கெட் அனுப்பினாள். அப்பாவால் கோயிலை விட்டு வர முடியாது, தனியாகத்தான் போனேன். ரயிலில் எதிரே ஒரு பெண், மடியில் குழந்தை, நல்ல மாதிரி, எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். மேல் படுக்கையிலிருந்த ஒருவர் இறங்கி வந்து, அன்றைக்கு ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள், சத்தம் கேட்டதா, என்ன பார்த்தீர்கள் என்று குடையத் தொடங்கினார். ஏதோ நானே செய்துவிட்டு வந்தவள் போல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போர்வையைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

பம்பாயில் ஜயஸ்ரீயும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீஸ் போய்விடுவார்கள், சாவி என் கையில். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு பொழுது வாய்த்ததில்லை, அடுப்பு இல்லை, மடி இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாதுங்காவில் நம் பக்கத்துக் கதம்பமும் காபிக்கொட்டை வறுக்கும் வாசனையும். கிர்காமில் பழைய மரவீடுகள், மாடியிலிருந்து பெண்கள் கயிற்றில் கூடையை இறக்கிக் காய் வாங்குகிறார்கள், அதையே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். வால்கேஷ்வரில் பெரிய பெரிய கட்டிடங்களுக்கு நடுவே படிக்கட்டோடு ஒரு திருக்குளம், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடற்கரையில் பேல்பூரி வாங்கி, நான் பரீட்சை எழுதிப் படித்த ஹிந்தியில் வெங்காயம் வேண்டாம் என்று சொன்னேன், அவன் அதையும் போட்டுத்தான் கொடுத்தான், நானும் சாப்பிட்டேன், அப்பாவுக்கு எழுதிவிடாதே. போகிற இடமெல்லாம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், முதல் நாளே காஞ்சிபுரம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லார் முகமும் மலர்கிறது, ஓ பட்டுப்புடவை என்கிறார்கள். தாதர் கடையில் ஒரு மராட்டிக்காரி என்னைக் கூப்பிட்டு, இது அசல் காஞ்சிபுரம் பட்டுதானா, உங்கள் ஊர்க்காரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள், நானும் பெரிய நெசவுக்காரி மாதிரி கரையைத் தடவிப் பார்த்து அசல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பொய் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாமலே இத்தனை வயதாகிவிட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாதுங்கா கோயிலில் மரகதம் மாமி என்று ஒருவர், எழுபது வயதிருக்கும், பம்பாயிலேயே வாழ்க்கைப்பட்டவர், விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து திரித்தேன். எந்த ஊர் என்றார், வழக்கம்போல் காஞ்சிபுரம் என்றேன். மாமி திரியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ ஸ்ரீபெரும்பூதூர் கிட்டக்கதானே, உடையவரைச் சேவிச்சிருக்கேளா?" என்றார். நம் தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் சந்நிதி, நான் தினம் சேவிக்கிற உடையவர். போகிற வழியில் ஒரு தடவை சேவித்திருக்கிறேன் என்றேன். அந்த மாமி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அந்த மண்ணை மிதிச்சிருக்கேளே, எனக்கு இந்த ஜன்மத்துல வாய்க்கலை" என்று அழுதார். முடிந்தால் சந்நிதித் திருத்துழாய் ஒரு தளம் கவரில் வைத்து அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்தார். வைகாசியில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு நம் ஊர் என்றால் உடையவர் ஊர், அவ்வளவுதான். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பொய்க்காரி என்று தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தக் கையால் இன்னும் நிம்மதியாகச் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை. நீ பிழைக்கப் போன இடத்தில் இருக்க ஒரு அறை வேண்டுமே என்று அந்தப் பொய்யைச் சொன்னாய், நான் பொழுது போக்கப் போன இடத்தில் பேல்பூரி தின்றுகொண்டே சொன்னேன். உன்னைக் கோழை என்று எழுதியவள் நான்.

திரும்பி வந்து சென்னையில் காஞ்சிபுரம் வண்டியில் ஏறினேன், கண்டக்டர் காஞ்சிபுரமா என்று கேட்டதற்குப் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டி டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். நம் ஊரில் இறங்கும்போது அவர், "இன்னாம்மா, காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கிகினு இங்க எறங்குறே, இதான் உன் ஊரா?" என்றார். ஆமாம், இதுதான் என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, "நாராயணனுக்கு எழுதினதை முதல்ல திருப்பி வாங்கிக்கோ" என்றார். வாங்கிக்கொள்கிறேன் நாராயணா, அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டுவிடு, அம்மாவை மன்னித்துவிடு.

மரகதம் மாமிக்குத் திருத்துழாயோடு நம் வீட்டு விலாசத்தை முழுசாக எழுதி, நடந்ததையும் எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கு இந்தக் கவரில் அனுப்புநர் ஊர் காஞ்சிபுரம் என்றே போட்டிருக்கிறேன், தபால் முத்திரை காட்டிக்கொடுக்காமலிருக்க அப்பா சனிக்கிழமை காஞ்சிபுரத்துக்கு வரதரைச் சேவிக்கப் போகும்போது அங்கேயே பெட்டியில் போடுவார். உடையவர் கிருபையில் நீ தீர்க்காயுசாக, நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். மஃப்ளரை மறக்காதே. நீ யாரிடம் எந்த ஊரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். பொங்கலுக்கு வரும்போது டிக்கெட்டை மட்டும் நம் ஊருக்கு வாங்கு.

இப்படிக்கு உன் அம்மா,
அம்ருதவல்லி,
ஸ்ரீபெரும்பூதூர்.