அம்மாவின் குரலில் ஒரு சொல் இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. இங்கே நாங்கள் ஒருமாதிரி தேறிவிட்டோம், அங்கே உன் உடம்பும் வேலையும் சீராக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் நினைப்பு. அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டது, குரல்தான் இனி வராது. பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், நாளைக் காலையில் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். நீ எழுதிக் கொடுத்துப் போன புரோகிராம்தான் இப்போது அவளுக்கு வாய். அவள் டைப் அடித்தால் அவள் குரலே என்னைத் திட்டுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகாவது எனக்கு நிம்மதி என்றிருந்தேன், நீ கெடுத்துவிட்டாய். இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. அவர் தூங்கிவிட்டார், இனி நான் எழுதுகிறேன். அந்தப் புரோகிராம் திறக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நீ அம்மாவை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லவைத்துப் பதிவு செய்தாயே, அதில் பாதி வார்த்தைகளில் அம்மா இருமுவாள். என்னால் அதைக் கேட்கவே முடியவில்லை. நல்ல பதிவு இன்னொன்று இருக்கும் என்று நம்பி, இருமல் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியதால் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு புரோகிராமைத் திறந்தால் கறுப்புக் கட்டம் ஒன்று மின்னி மறைகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கடைசியில் அப்பாவுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப் போனேன். கடைக்காரர் அந்தக் கட்டத்தை நிறுத்திப் படித்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தையோட ஃபைல் காணோம் பாப்பா, ஒண்ணு குறைஞ்சாலும் திறக்காத மாதிரி எழுதியிருக்காங்க, இவ்வளவு கறாரான ஆளு யாரும்மா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற வார்த்தைகளுக்கெல்லாம் இருமல் இல்லாத பதிவு இன்னொன்று இருந்திருக்கிறது, காணாமல் போனது ‘பெரியவனே’. நீ கிளம்புகிற அன்று பதிந்தது அது, அம்மா அதை ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறாள், இருமலோடு.

இப்போது போர்வைக்குள் உட்கார்ந்து ‘பெரியவனே’ என்று நானே சொல்லிப் பதிந்து, அதே பெயரில் வைத்தேன். உடனே திறந்துகொண்டது. பெரியவனே சாப்பிட்டியா என்று அடித்துப் பார்த்தேன். முதல் வார்த்தை என் குரல், அடுத்தது அம்மா குரல். பயந்துபோய் அணைத்துவிட்டேன். நாளைக்கு அம்மா வந்ததும் முதலில் ‘பெரியவனே’ என்றுதான் அடிப்பாள். அவளுக்குத் தெரியாமல் போகாது. அவளால் இனி அதைத் திரும்பச் சொல்லவும் முடியாது. உன் பழைய போனில் அம்மா உன்னைக் கூப்பிட்டது ஏதாவது இருக்கிறதா? அந்தப் போன் தொலைந்துவிட்டது என்று நீ எழுதியது ஞாபகம் இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

இனி வருவது அப்பா தூங்குமுன் கடைசியாகச் சொன்னது. மாற்றாமல் எழுதுகிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். லீவு கிடைத்தால் மறக்காமல் வந்துவிடு. உன்னைத் தன் வாயால் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடலாம் என்று அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து: தங்கச்சி)