பொம்மி அழுதால் அழட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கால்வலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் அத்தா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அடையாறு கம்பெனியின் குடும்ப வீடியோ கேமுக்கு வயதானவர்களையும் இழுக்க வேண்டும் என்றார் முதலாளி நிரஞ்சன். எழுத்தைப் பெரிதாக்கினோம். பொம்மி என்று ஒரு குழந்தையைச் சேர்த்தோம். விளையாட்டை மூடப் போனால் அவள் அழுவாள். பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

போன வாரம், எல்லோரையும்விட அதிக நேரம் ஆடும் வேதாந்தம் சாருக்குப் பரிசு கொடுக்க மந்தைவெளிக்குப் போனேன். தனியாக இருப்பவர். கதவைத் திறந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சீக்கிரம் சொல்லும்மா, கொழந்தை அழுதுண்டிருக்கா."

உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். நான்தான் ஓடிப்போய் மூடினேன். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

அழுகையை எடுத்துவிடலாம் என்று நிரஞ்சனிடம் சொன்னேன். "அதுக்காகத்தான் வர்றாங்க, ஜுவேரியா" என்றார்.

அம்மா, என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே தூக்கம் சரியாக வரவில்லை. அத்தா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? அவருக்கு இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தது நான்தான். நேற்று நான் கூப்பிட்டபோது, "பாப்பா அழுவுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் போனை வாங்கி வையுங்கள். பொம்மி அழுதால் அழட்டும். அவளுக்குக் குரல் கொடுத்தது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் போனைத் தரவே மாட்டார்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் அழுகை பதிவு செய்ய வேண்டுமாம்.

உங்கள் மகள்,
ஜுவேரியா