தலையில் ஒட்டிக்கொண்ட கிழவன் வேஷம்

பள்ளிக்கூட விழாவில் ஊர்க்காரர்கள் போட்ட நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டிய சின்னராசு, பொடி உதிரக் கூடாதென்று வேஷத்துக்குப் பூசும் முத்துவெள்ளைப் பொடியில் பிசினைக் குழைத்துத் தலையில் பூசியிருந்தான். இரண்டு முறை குளித்தும் அந்த நரை போகவில்லை. மேடையில் அவன் தள்ளாடி நடந்தபோது ஊரில் முதலில் சிரித்தவள் அவன் மனைவி மங்கம்மாள்தான். அந்தக் கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டான். விடிந்ததும் சாமை அறுப்புக்குக் கிளம்பிய அவள், காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"மாமா, சிரிப்ப அடக்க முடியல, இன்னா பண்றது. புளி போட்டுத் தேய்க்காதீங்க, அது தலை, பித்தளைக் குடம் இல்ல. துணி சோப்பும் வாணாம், முடி கொத்தா வந்துடும். வெந்நித் துணிய சுத்தி பிசின ஊற வுடுங்க. இளகினதும் தேங்கா எண்ணெய் தடவி, பெரிய பல்லு சீப்பால நுனியிலருந்து மெதுவா வாருங்க. அப்புறம் சீயக்கா. படவேட்டு பஸ்ல மத்தியானம் எங்கப்பா வர்றாரு. அவருக்கே இன்னும் பாதி முடி கறுப்பு. களி சட்டியில இருக்கு, ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

தாளை எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள். தூங்குகிறவனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"காதோரம் மட்டும் கொஞ்சம் வுட்டு வைங்க, நான் வந்து எடுக்கறேன். வயசானா எப்படி இருப்பீங்கன்னு கிட்ட இருந்து ஒருவாட்டி பாக்கணும்."