கௌதாரிக் குரலுக்கு வராதவர்

என் ஆசை அண்ணனுக்கு,

இத்தனை ராத்திரியில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் அப்பாவைக் கேட்டு அழுது ஓய்ந்தான். உனக்கென்ன, மஞ்சள்காமாலை என்று படுத்தாய், போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ செய்துவைத்துப் போன வேலைக்கு நான் இங்கே அல்லாடுகிறேன்.

வேட்டைக்குத் தனியாகப் போயிருக்கக் கூடாதா நீ? உன் மாப்பிள்ளையை, என் வீட்டுக்காரரை, எதற்குக் கூட்டிக்கொண்டு போனாய்? புதருக்குப் பின்னால் உட்கார்ந்து கௌதாரி மாதிரி வாயால் குரல் கொடுத்து, ஆண் பறவையைக் கண்ணிக்குப் பக்கத்தில் வரவழைக்கிற வித்தையை அவருக்கு எதற்குக் காட்டினாய்? நீங்கள் கொண்டுவந்த கறியைத் தின்றதைத் தவிர நான் செய்த பாவம் என்ன?

இங்கே இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது. இவர் வெட்டவில்லையாம், வேடிக்கை பார்க்கத்தான் போனாராம். ஆனால் கோடாலி மட்டும் நம் வீட்டுக் கோடாலி. போலீஸ் ஜீப் வந்ததும் ஊர் ஆண்பிள்ளைகள் திசைக்கொருவராக ஓடினார்கள். இவர் கல்வராயன் மலையடிவாரப் புதர்க்காட்டுப் பக்கம். ஓடுகிற அவசரத்திலும் எனக்கு ஒரு யோசனை சொன்னார் பார்.

"போலீஸ் பூட்டா, கொல்லையில நின்னுக்கினு கௌதாரி மாதிரி கத்து. வந்துடறேன்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"உங்கண்ணன் கத்துறத கேட்டுக்கினுதான வளந்த? சும்மா கத்து!"

மழை பெய்து விட்டிருக்கிற நேரம், அண்ணா. காட்டில் இருக்கிற கௌதாரி எல்லாம் விடிந்ததிலிருந்து கத்துகிறது. இந்த நேரத்தில் யாராவது கௌதாரிக் குரலை அடையாளமாக வைப்பார்களா? நான் வாயே திறக்கவில்லை. எங்கேயோ ஒரு பறவை கூப்பிட்டது, இவர் கொல்லை வேலியில் வந்து தலையை நீட்டிவிட்டார். வாசலில் ஏட்டு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறார்!

கையில் கிடைத்த விளக்குமாற்றை வேலியைப் பார்த்து வீசினேன். "சீ, போ! வெக்கங்கெட்ட நாயே! சோத்துக்கு மட்டும் வந்துடுவியா? ஓடு!"

"இன்னாம்மா, யாரத் திட்டுற?" என்று ஏட்டு குரல் கொடுத்தார்.

"நாய் சார். சொன்ன பேச்சே கேக்காது."

"வளக்குற நாயா?"

"மூணு வருஷமா வளக்குறேன் சார். ஒரு புத்தியும் வரல."

அவர் சிரித்துவிட்டுப் போனார். இவரும் போய்விட்டார். திரும்பிப் பார்க்காமல் போனார், அண்ணா. அதுதான் என்னை அரிக்கிறது.

மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசி, போலீஸ் வருவது நின்றுவிட்டது. ஓடினவர்கள் எல்லோரும் வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கியும் ஆயிற்று. இவர் மட்டும் வரவில்லை. கொழுந்தனார் காட்டுக்குள் போய்க் கூப்பிட்டார். போலீஸ்தான் தம்பியைப் பிடித்துக் கூப்பிட வைக்கிறது என்று நினைத்து இன்னும் மேலே ஏறியிருப்பார். அவருக்கு அந்த அளவுக்குத்தான் மூளை. நானும் கொல்லையில் நின்று தொண்டை வற்றக் கத்தினேன். நிஜமான கௌதாரி ஒன்று வேலியடியில் வந்து நின்று என்னை முறைத்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

மேலே கரடி நடமாட்டம் உண்டு. வயிற்றுக்கு என்ன கிடைத்திருக்கும்? எங்காவது பாறையில் சறுக்கி விழுந்து கிடக்கிறாரா? இல்லை, நான் திட்டினதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டாரா? பாதி நிஜம்தான். அதற்காக வராமல் இருப்பதா?

ஆண் கௌதாரி ஆசைப்பட்டு வருவதில்லை, "எவன்டா என் எடத்துல கத்துறது" என்று சண்டைக்குத்தான் வருகிறது என்பாயே. சரி, இவருக்கும் கோபத்தை மூட்டிப் பார்க்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத அவர் பேரை, மலையடிவாரத்தில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லப்போகிறேன். பெண்டாட்டிக்கு இவ்வளவு திமிரா என்று அடிக்கவாவது ஓடி வரட்டும்.

அத்தையிடம் சொன்னேன். பதறிப்போனார்.

"புருஷன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறஞ்சிடும்டி!"

"மலையிலயே கெடந்தா மட்டும் ஜாஸ்தி ஆவுமா அத்தை?"

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். அப்புறம், "நானும் வரேன். உனுக்குத் தொண்ட கம்மி" என்றார்.

விடிந்ததும் கிளம்புகிறோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அவரைக் கூட்டிக்கொண்டுதான் வீடு திரும்புவேன், இது உனக்குச் சத்தியம். உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு தடவை விரட்டி அடித்த பறவை, மறுபடி கூப்பிட்டால் வருமா, அண்ணா? நீ இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி