செல்வியின் முன்னேற்ற அட்டை

21 பிப்ரவரி 1973, புதன்

இன்று எங்கள் அஸ்தினாபுரம் பாலர் வகுப்பைப் பார்வையிட அதிகாரி அம்மா வந்தார். பிள்ளைகளின் முன்னேற்ற அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், நாலு வயது செல்வியின் அட்டையில் நின்றுவிட்டார். ஆறு மாதமாக அதில் நான் "பிடிவாதம், சொன்னால் கேட்பதில்லை" என்றே எழுதியிருக்கிறேன்.

அவர் எழுந்து செல்வியின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பலமாகக் கைதட்டினார். மற்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் மட்டும் மணி கோத்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், இந்தக் குழந்தைக்குக் காது கேக்கலை. இது உங்களுக்குத் தெரியலையா?"

அட்டையை வாங்கி, நான் எழுதியதையே திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த அவள் அம்மாவிடம் சொன்னேன். "இன்னா டீச்சர் சொல்றீங்க? சொன்னா கேக்கறதில்லன்னு நீங்கதானே எழுதினீங்க? அதுக்குத்தானே மாசாமாசம் போட்டு அடிச்சேன்!" என்று கத்தினாள்.

"என் தப்புதாம்மா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரேன்" என்றேன்.

செல்வி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் வகுப்பில் என்னை அப்படித்தான் பார்த்திருக்கிறாள். முறைக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.