சாமி கேட்ட பஞ்சாமிர்தம்

அந்த கிருத்திகை ஒருபொழுத மட்டும் விட்டுடு எழிலா, மத்ததெல்லாம் அப்பால பேசிக்கலாம். நீ அங்க வேளைக்கு சாப்ட்டு ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு காலையிலயும் சாயந்தரமும் முருகன் மலைய பாத்து கும்புட்டுகினு கீறேன், இங்க நாங்க சொகம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல. போன்ல சொல்லலாம்னா உன் கொரல கேட்டதும் வேற எதையோ பேசிடறேன், நீயும் நைனா எப்டி கீறாருன்னு அதையே கேக்கற, நானும் அப்டியே தான் கீறாருன்னு சொல்லி வச்சிடறேன். போன வாரம் நீ சொன்ன பாரு, அத்த, நானும் மாசாமாசம் கிருத்திகைக்கு பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கப் போறேன், நைனா எழுந்து ஒக்கார்ற வரைக்கும்னு, அத கேட்டதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. நைனா மாதிரியே உனக்கும் சுகர் ஊசி ஆரம்பிச்சிட்டாங்களே கண்ணு. உங்கம்மா போனப்புறம் உன்ன வளத்தவ நான், முருகா முருகான்னு உன் காதுல ஓதனவளும் நான் தான், நானே வேணாம்னு சொல்றேன்னா அதுல ஏதோ இருக்குன்னு எடுத்துக்க. தெருக்கோடி தணிகைமணி லீவு முடிஞ்சி தோஹாவுக்கு கெளம்பறான், எலுமிச்ச ஊறுகாயோட இதையும் அவன் கையில குடுத்தனுப்பறேன், தனியா ஒக்காந்து படி.

ஆடிக் கிருத்திகை அன்னைக்கு உங்க நைனா வெயில்ல மயக்கம் போட்டு படியில விழுந்துட்டாருன்னு தான் உங்கிட்ட சொன்னோம். அது நெசம் தான், முழுசு இல்ல. உனக்கு வெளிநாட்டு வேல கெடச்சா புஷ்பக் காவடி எடுக்கறேன்னு நேந்துகினாரே, அதுக்காக மொத நாள் ராத்திரியில இருந்தே ஒண்ணும் சாப்பிடல. ஆனா காலையில குளிச்சிட்டு வந்ததும் ஊசிய மட்டும் மறக்காம போட்டுகினாரு, ஒரு வேளையும் தவறக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரேன்னு. டாக்டரு பேச்சையும் கேட்டாரு, சாமி பேச்சையும் கேட்டாரு, ரெண்டையும் ஒண்ணா கேட்டா இன்னா ஆவும்னு எங்க யாருக்கும் தெரியல. கொளத்துல முழுகி, மஞ்ச வேட்டி கட்டி, காவடிய தோள்ல ஏத்தி, பம்பக்காரங்க அடிக்க ஆரம்பிச்சாங்க, அரோகரா அரோகரான்னு ஜனம் அந்த கத்து கத்துது. ஆட்டோ ஓட்டற மனுஷன், ஆட்டம் பாட்டம்னா ஒதுங்கி நிப்பாரு, உனக்கு தான் தெரியுமே. பாதி படி ஏறினதும் கையி காலு வெடவெடன்னு நடுங்குது, ஒடம்பெல்லாம் கொட்டற மாதிரி வேத்துகினு ஊத்துது, கண்ணு எங்கயோ சொருகுது, வார்த்த கொழறுது. பம்பக்காரன் தான் மொதல்ல சொன்னான், ஏ விலகுங்க விலகுங்க, சுப்பிரமணிக்கு சாமி வந்துடுச்சின்னு.

எனக்கு புல்லரிச்சி போச்சி எழிலா. எங்கண்ணன் மேல எங்கப்பன் முருகன் வந்துட்டாரேன்னு அந்தப் படியிலயே விழுந்து கும்புட்டேன். கூட வந்த கெங்கம்மாள் கல்பூரம் ஏத்திட்டு, எம் பொண்ணுக்கு எப்ப சாமி வரன் அமையும்னு கேக்கறா. பக்கத்து வூட்டு பிரேம்குமாரு காணாம போன வண்டி எந்த பக்கம் கீதுன்னு கேக்கறான், இவரு தடுமாறி கைய நீட்டனாரு, அரக்கோணம் பக்கம் காட்டறாருடான்னு அவன் அந்த நிமிஷமே எறங்கி ஓடிட்டான், வண்டி இன்னா கெடச்சிதா, இல்ல. அவரு கைய நீட்டனது என் பக்கம். நான் அபிஷேகத்துக்குன்னு வூட்ல பெசஞ்ச பஞ்சாமிர்த சொம்ப இடுப்புல வச்சிகினு நின்னேன். குடும்மா குடும்மான்னு சொன்னாரு. என்ன எப்பவும் நிம்மின்னு தான் கூப்புடுவாரு, அம்மான்னு சொன்னதும் சாமி தான் பேசுதுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். சொம்ப பின்னால மறச்சிகினு, அப்பா உன் சன்னதிக்கு தான கொண்டாறேன், அங்க வந்து வாங்கிக்க, நடுவழியில எச்சி பண்ணாதன்னு சொன்னேன். அப்பால தான் விழுந்தாரு. விழுந்தப்புறமும் சாமி மலையேறட்டும், யாரும் தொடாதீங்கன்னு விபூதிய பூசி வேப்பிலையால வீசிகினு ஒக்காந்திருந்தோம். எவ்ளோ நேரம்னு எங்கிட்ட கேக்காத.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, உன் வயசு தான் இருக்கும். காலையில ஊசி போட்டாராம்மான்னு கேட்டாங்க, ஆங் போட்டாருன்னேன். சாப்டாரான்னாங்க, காவடி எடுக்கறவங்க எப்டிம்மா சாப்பிடுவாங்கன்னேன். அவங்க மூஞ்சி போன போக்க பாத்து தான் ஏதோ தப்பு நடந்து போச்சின்னு எனக்கு தெரிஞ்சிது. அப்பால என்ன ஒக்கார வச்சி பொறுமையா சொன்னாங்க. வூட்டு மேல தண்ணி டேங்க் கீதில்ல, அதுல ஒரு பந்து மெதக்கும், தண்ணி கொறஞ்சா பந்து எறங்கி கொழா தொறந்துக்கும், ரொம்பனா மேல வந்து மூடிக்கும். ஒடம்பும் அப்டி தானாம். ரத்தத்துல சக்கர ஏறினா எறக்கறதுக்கு ஒரு தண்ணி உள்ள சொரக்குது, எறங்கிட்டா அது தானா நின்னுடுதாம், ஏத்தறதுக்கு வேற ஒண்ணு வருதாம். யாரும் சொல்லத் தேவையில்ல. ஆனா அந்த எறக்கற தண்ணிய ஊசியில வெளிய இருந்து போட்டோம்னா அதுக்கு அந்த பந்து கெடையாது. சக்கர கொறஞ்சி போச்சேன்னு அது நிக்காது, எறக்கிகினே போவுமாம். இதுல வெறும் வயித்தோட மல வேற ஏறனாரு. அப்ப ஒடம்பு கத்துமாம், நடுங்கியும் வேத்தும் குடு குடுன்னு கேக்குமாம். ஒரு வாய் இனிப்பு குடுத்திருந்தா போதும்மான்னாங்க. ஊசி போடறவங்க பாக்கெட்ல எப்பவும் எதுனா இனிப்பு வச்சிருக்கணும்னாங்க. நான் அந்த சொம்ப ஆஸ்பத்திரிக்கும் தூக்கிகினு போயிருந்தேன் எழிலா, என் காலுகிட்ட தான் இருந்துது, ஈ மொச்சிகினு.

இப்ப வூட்ல தான் கீறாரு, மூக்கு டியூப் வழியா கஞ்சி ஊத்தறேன். கண்ண தொறந்து பாக்கறாரு, நம்மள பாக்கல. கரண்டு போயி ஃபேன் நின்னா நெத்தி வேக்குது, ஈரத்துணியால தொடச்சா கையில முடியெல்லாம் சிலுத்துக்குது. மொத தடவ அத பாத்துட்டு, அண்ணனுக்கு என் கை தெரியுதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன். டாக்டரம்மாகிட்ட கேட்டதுக்கு தல குனிஞ்சிகினாங்க, அது ஒடம்பு தானா பண்றதும்மா, சூட்டுக்கு வேக்கறதும் குளுருக்கு சிலுத்துக்கறதும் அவரு நெனச்சி பண்றதில்லன்னாங்க. எல்லா வேலையும் ஒழுங்கா நடக்குது எழிலா, அவரு மட்டும் இல்ல. நீ போன் பண்ணும்போது காதுல வைக்கறேனே, உன் கொரலுக்கு ஒண்ணுமே ஆவறதில்ல. நான் பேசனது கேட்டுச்சான்னு நீ கேக்கும்போதெல்லாம் கண்ண சிமிட்டனாருன்னு சொன்னேன், அது பொய்.

அது சாமி இல்ல, சக்கர கொறஞ்ச நடுக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்டி தோணல. சாமி தான். உள்ள ஒக்காந்து நாம தூங்கும்போதும் மூச்சு விட வச்சி, வேக்க வச்சி, பசிக்க வச்சி பாத்துக்கறவரு யாரு பின்ன? அவரு தான் வாய தொறந்து குடும்மான்னு கேட்டாரு, நான் தான் அவருக்கு கொண்டு போறேன்னு சொல்லி அவருக்கே குடுக்கல. அதனால சொல்றேன், பசிய அடக்கறது பக்தின்னு நீ நெனைக்காத. வேளைக்கு சாப்டு. ஊசி போட்டா சாப்டு. சட்டப் பாக்கெட்ல சாக்லெட்டு வச்சிக்க, கூட தங்கற அந்த மலையாளத்து தம்பிகிட்டயும் சொல்லி வை, கை நடுங்கினா, சம்பந்தம் இல்லாம பேசினா, முழுங்கற நெலையில இருக்கும்போதே வாயில சக்கரைய போடச் சொல்லு, மயக்கமாயிட்டா ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு ஓடச் சொல்லு. அங்க உன் காலுல விழ யாரும் இல்ல, அது ஒரு நல்லது. நேந்துகினத விட்டா குத்தமாயிடும்னு பயப்படாத, உன் கிருத்திகையையும் சேத்து நான் இருந்துக்கறேன், எனக்கு எந்த நோவும் இல்ல. மலையில போயி சொல்லிட்டும் வந்துட்டேன், அவன் சின்னப் பையன்பா, அவன் சாப்புடுவான்னு. லீவு குடுத்தா ஒரு தடவ வந்து பாத்துட்டு போ. தெரியலன்னாலும் பரவால்ல, அவரு பக்கத்துல வந்து ஒக்காரு.

நூறு வயசு நோவு நொடியில்லாம இரு, தணிகாசல முருகன் உன் கூடவே இருக்கட்டும். ஊறுகாய்ல உப்பு கொஞ்சம் தூக்கல், தொட்டுக்க. சாப்டியான்னு தெனமும் கேப்பேன், கோவிச்சிக்காத.

உன் அத்த
நிர்மலா

கவர ஒட்டப் போறப்ப இப்ப தான் ஞாபகம் வருது எழிலா. அன்னைக்கு காலையில சட்டைய மாட்டும்போது சாமி படத்துகிட்ட இருந்து ரெண்டு கல்கண்டு எடுத்து பாக்கெட்ல போட்டுகினாரு. எதுக்குண்ணான்னு கேட்டேன், மருந்துகடக்காரரு சொன்னாரு நிம்மி, இருக்கட்டும்னாரு. காவடிய வெத்து ஒடம்போட தான எடுக்கணும், கொளத்தங்கரையில சட்டைய கழட்டி எங்கிட்ட குடுத்தாரு. அவரு கைய நீட்டும்போது அந்த சட்ட என் தோள் மேல தான் கெடந்துது.